‘தானா நடக்கும்’ என்று காத்திருக்கலாமா?



கெலமங்கலம் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். “அக்கா, என் பையனுக்கு 9 மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. உட்கார வைத்தால் பொம்மை மாதிரி சாய்ந்துவிடுகிறான். இடது கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறான். என் மாமியார், ‘உன் வீட்டுக்காரனும் ரெண்டு வயசுலதான் எழுந்து நின்னான், தானா நடக்கும் விடு’ என்கிறார். டாக்டரிடம் காட்டலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?”

இதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: காட்டுங்கள், இந்த வாரமே காட்டுங்கள். மாமியார் சொல்வது பலித்துப் பிள்ளை நன்றாக இருந்தால், நமக்கு நஷ்டம் ஒரு பஸ் டிக்கெட்டும் அரை நாளும்தான். பலிக்காவிட்டால், காத்திருந்த மாதங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைத்தான் இந்த இதழில் விளக்கமாக எழுதுகிறேன்.

எது தாமதம், எது இயல்பு?

எல்லாக் குழந்தைகளும் ஒரே நாளில் உட்காருவதில்லை, ஒரே நாளில் நடப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பாப்பா 10 மாதத்தில் நடந்துவிட்டது என்று நம் குழந்தையை நினைத்து ஏங்க வேண்டியதே இல்லை. ஆனால் ‘இவ்வளவு நாள் வரை பொறுக்கலாம்’ என்று ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைப் பார்த்து, 2006-ல் அந்தக் கணக்கை வெளியிட்டது.

துணையில்லாமல் உட்காருவது சுமார் 4 மாதத்திலிருந்து 9 மாதத்துக்குள். எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது 5 மாதத்திலிருந்து பதினொன்றரை மாதத்துக்குள். தானாக நிற்பது 7 மாதத்திலிருந்து 17 மாதத்துக்குள். தானாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதத்துக்குள். பாருங்கள், எவ்வளவு அகலமான இடைவெளி! தவழ்வதில் இன்னொரு வேடிக்கை. நூற்றில் நாலு குழந்தைகள் முழங்காலில் தவழாமலேயே நேராக எழுந்து நடந்துவிட்டன. ஆகவே தவழவில்லை என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் 9 மாதம் தாண்டியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை என்றால் கட்டாயம் காட்ட வேண்டும்.

குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. 2 மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், 9 மாதக் குழந்தையை 7 மாதக் குழந்தையாக எண்ண வேண்டும். 2 வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் குறை மாதக் குழந்தைகளுக்குத்தான் அதிகக் கண்காணிப்பும் தேவை. ‘அவன் குறை மாசப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான்’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

தாயின் கைக்குத் தெரியும்

மாதக் கணக்கு வருவதற்கு முன்பே சில அடையாளங்கள் நம் கைக்குத் தெரிந்துவிடும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, பால் கொடுப்பது எல்லாம் நாம்தானே?

தூக்கும்போது குழந்தை ஈரத் துணி மாதிரி கைக்குள் நழுவுகிறதா? 4 மாதம் ஆகியும் தலை நிற்கவில்லையா? அல்லது இதற்கு நேர்மாறாகக் கட்டை மாதிரி விறைக்கிறதா? துணி மாற்ற முடியாதபடி தொடைகள் ஒட்டிக்கொள்கின்றனவா? அக்குளில் கை கொடுத்து நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொண்டு, நுனிக் காலில் நிற்கிறதா? 4 மாதத்துக்குப் பிறகும் கட்டை விரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடியே வைத்திருக்கிறதா?

இன்னொன்று முக்கியம். ஒரு வயதுக்குள் குழந்தை ஒரே கையை மட்டும் உபயோகித்தால், ‘எங்க பாப்பா வலது கைக்காரி’ என்று பெருமைப்படாதீர்கள். அந்த வயதில் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். ஒரு கை ஒதுங்குகிறது என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ தடை இருக்கலாம். எழுதிய சகோதரியை உடனே போகச் சொன்னதற்கு மூடிய அந்த இடது கையும் ஒரு காரணம்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டுவிடுவது. உட்கார்ந்த குழந்தை மறுபடி சாய ஆரம்பித்தால் ஒரு நாளும் தள்ளிப் போடக் கூடாது.

எதனால் வருகிறது?

என் அம்மா காலத்தில் குழந்தை நடக்கவில்லை என்றால் ‘இளம்பிள்ளை வாதம்’ என்று ஒரே பெயர்தான். நம் நாட்டில் கடைசியாகப் போலியோ கண்ட குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச் 27-ல் நம் நாடு உட்பட தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ இல்லாத பகுதி என்று சான்று பெற்றது. சொட்டு மருந்துக்கு நாம் வரிசையில் நின்றது வீண் போகவில்லை.

இப்போது பெரும்பாலும் காரணங்கள் வேறு. பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்குப் பிராணவாயு குறைவது, மிகவும் குறை மாதப் பிறப்பு, பிறந்த சில நாட்களில் மஞ்சள் காமாலை அளவு மீறிப் போவது, மூளைக் காய்ச்சல் போன்றவை. இவற்றால் மூளையில் ஏற்படும் பாதிப்பைத்தான் ‘பெருமூளை வாதம்’ என்கிறார்கள். லண்டன் டாக்டர் வில்லியம் லிட்டில் 1861-லேயே, பிரசவச் சிக்கலுக்கும் குழந்தையின் விறைப்புக்கும் தொடர்பு இருப்பதை எடுத்துச் சொன்னார். வெகு காலம் இதற்கு ‘லிட்டில் நோய்’ என்றே பெயர்.

பெருமூளை வாதம் மட்டுமல்ல. தைராய்டு சுரப்பு குறைவாக இருந்தாலும், வைட்டமின் டி அல்லது பி12 பற்றாக்குறை இருந்தாலும் குழந்தை துவண்டு பின்தங்கும். இவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து மருந்து கொடுக்க முடியும். தைராய்டு விஷயத்தில் ஒவ்வொரு வாரமும் முக்கியம். ‘தானா நடக்கும்’ என்று உட்கார்ந்திருந்தால் மாத்திரையில் சரியாக வேண்டியது மூளையையே பாதித்துவிடும். சில தசை நோய்கள் பரம்பரையில் வருபவை; சொந்தத்தில் கல்யாணம் நடந்த குடும்பங்களில் இவற்றுக்கு வாய்ப்பு சற்று அதிகம். நம் பக்கம் தாய்மாமனுக்கே பெண் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதே, அதனால் டாக்டர் கேட்டால் உறவுமுறையை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த டாக்டரும் சொல்ல மாட்டார், அக்கம்பக்கம் மட்டும்தான் சொல்லும்: ‘நீ கிரகணத்தன்னிக்கு வெளியே போனே, அதான்’ என்று. அதைக் காதில் போட்டுக்கொள்ளவே கூடாது. தாயைக் குற்றவாளியாக்கினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் கால்களும் தளர்ந்துவிடும்.

பிசியோதெரபி என்றால் என்ன?

பலரும் நினைப்பது போல இது கை காலைப் பிடித்து நீட்டி மடக்குவது மட்டும் இல்லை. எண்ணெய் தேய்த்து உருவுவதும் இல்லை.

குழந்தையின் மூளை முதல் இரண்டு மூன்று வருஷங்களில் பச்சைக் களிமண் மாதிரி. ஒரு பாதை அடைபட்டாலும் வேறு வழி கண்டுபிடிக்கும் சக்தி அப்போதுதான் அதிகம். ஆனால் அந்த வழி சும்மா திறக்காது. குழந்தையே முயன்று, விழுந்து, மறுபடி முயன்று, நூறு தடவை செய்தால்தான் திறக்கும். தசையும் அப்படித்தான். விறைத்த காலை அப்படியே விட்டால் குழந்தை வளர வளரத் தசை சுருங்கி, மூட்டு மடங்கிப் போய், கடைசியில் ஆபரேஷன் வரை கொண்டுபோகும். இடுப்பு எலும்பு மூட்டிலிருந்து விலகுவதும் உண்டு.

1940-களில் லண்டனில் பெர்த்தா போபாத் என்ற பெண்மணி ஒன்றைக் கவனித்தார். ஜெர்மனியிலிருந்து வந்தவர் அவர். உடம்பை வைக்கும் நிலையை மாற்றினாலே விறைப்பு குறைகிறது என்று கண்டு, டாக்டரான கணவர் கேரல் போபாத்துடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார். உலகம் முழுவதும் அது பரவியது. இப்போதுள்ள அறிவு இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. தெரபிஸ்ட் கை வைத்து அசைப்பதைவிட, குழந்தை தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் தானே செய்யப் பழகுவதுதான் பலன் தரும் என்கிறார்கள். பந்தை எடுக்க வேண்டுமா, அம்மாவிடம் வர வேண்டுமா, அந்தக் காரியமே பயிற்சி.

இன்னொரு நல்ல செய்தி. முன்பெல்லாம் பெருமூளை வாதம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றரை வயது, இரண்டு வயது ஆகும். 2017-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைப்படி, 6 மாதத்துக்கு முன்பே பல குழந்தைகளிடம் கண்டுபிடித்துவிட முடியும். முழுப் பெயர் தெரியும் வரை காத்திராமல், சந்தேகம் வந்த அன்றே பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இப்போதைய கொள்கை.

அப்படியானால் வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் போதுமா? போதாது. வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறதே, மிச்ச நேரமெல்லாம் குழந்தை யார் கையில்? நம் கையில்! தெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பவர். செய்விப்பவள் வீட்டில் இருப்பவள்தான்.

வீட்டு வேலையே பயிற்சி

எந்தக் குழந்தைக்கு எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியது தெரபிஸ்ட். ஆனால் அவர்கள் சொல்லித் தருவதெல்லாம் பெரும்பாலும் நம் அன்றாடத்துக்குள் அடங்கிவிடும். கேட்டால் ‘இவ்வளவுதானா!’ என்பீர்கள்.

தூக்குவது: விறைப்பான குழந்தையைக் கால் இரண்டும் ஒட்ட வைத்து மார்போடு நீட்டித் தூக்காமல், நம் வழக்கப்படி இடுப்பில் இரண்டு பக்கமும் கால் போட்டு வைத்துக்கொண்டால் தொடைகள் தானாக விரியும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்குத் தனிப் பை விற்கிறார்கள். நமக்கு இடுப்பே இருக்கிறது! தலை நிற்காத குழந்தைக்கு மட்டும் முதுகிலும் கழுத்திலும் கை கொடுக்க வேண்டும்.

படுக்க வைப்பது: முழித்திருக்கும்போது நாள் முழுக்கத் தூளியில் போட்டு ஆட்டாதீர்கள். தூளியில் குழந்தை சுருண்டுதான் கிடக்கும். பாயை விரித்துக் குப்புறப் போடுங்கள். பக்கத்தில் நீங்களும் படுத்துக் குரல் கொடுங்கள். ஒரு வயதுக்குள் உள்ள, இன்னும் நகராத குழந்தைகளுக்கு ஒரு நாளில் பிரித்துப் பிரித்து மொத்தம் 30 நிமிஷமாவது இப்படிக் குப்புற இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அழுதால் மார்புக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான்.

உட்கார வைப்பது: இரண்டு சுவர் சேரும் மூலையில் தலையணை கொடுத்து உட்கார வைத்தால் முதுகுக்கும் பக்கத்துக்கும் துணை கிடைக்கும், இரண்டு கையும் விளையாட வரும்.

ஊட்டுவது: இதில் மிகவும் ஜாக்கிரதை. படுக்க வைத்துப் பாலாடையில் புகட்டவே கூடாது. விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது மூச்சுக்குழலில் போய் நெஞ்சுச் சளியாக மாறும். நிமிர்த்தி உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், முகம் சற்றுக் குனிந்தாற்போல் வைத்து, ராகிக் கூழைக் கொஞ்சம் கெட்டியாக, சின்னக் கரண்டியால் நிதானமாகக் கொடுங்கள்.

சட்டை போடுவது: பலம் குறைந்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் கழற்றுங்கள். இரண்டு நிமிஷம் வேலை சுலபமாகும், குழந்தையும் அழாது.

குளிப்பாட்டுவது: வெந்நீரில் விறைப்பு தளரும், அப்போது மெதுவாகக் கால்களை அகற்றி விளையாட்டுக் காட்டலாம். ஆனால் குளிப்பாட்டுகிற பாட்டிமார்கள் சிலர் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, மூட்டை ‘சொடக்கென்று’ இழுப்பது எல்லாம் இந்தக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. விறைப்பை பலத்தால் வெல்ல நினைத்தால் எலும்பு முறியும்.

அவரைக்காய் முறம்

இங்கே எங்கள் ஜவளகிரியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். எங்கள் தெருவில் ஒரு பெண். வீட்டுக்காரர் ஓசூரில் ஷிப்ட் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறார். அவளுக்கு ஏழரை மாதத்தில் பிறந்த பெண் குழந்தை. 10 மாதம் ஆகியும் உட்காரவில்லை, இடது கையை நீட்டுவதே இல்லை. முதலில் காட்டிய இடத்தில், ‘இப்ப என்ன அவசரம், ஒரு வருஷம் கழிச்சு வாங்க’ என்று அனுப்பிவிட்டார்கள். அந்தப் பெண் விடவில்லை. இன்னோர் இடத்தில் காட்டினாள். அங்கே பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

ஓசூருக்குப் போய் வருவதற்கே இங்கிருந்து பாதி நாள் ஓடிவிடும். கைக்குழந்தையோடு தினமும் எப்படி முடியும்? 15 நாளுக்கு ஒரு முறை வரச் சொல்லி, வீட்டில் செய்ய வேண்டியதை தெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தார். ஆனால் பகலெல்லாம் குழந்தையை வைத்திருப்பது யார்? அவ்வா, அதாவது அவள் மாமியார்தான். அவர் பேத்தியைத் தரையில் விடவே சம்மதிக்காதவர். அதனால் அடுத்த தடவை அவ்வாவையே கூட்டிக்கொண்டு போனாள் அந்தக் கெட்டிக்காரப் பெண்.

தெரபிஸ்ட் அவ்வாவிடம், “நீங்க பகல்ல என்ன வேலை பண்ணுவீங்க?” என்று கேட்டாராம். “அவரைக்காய் உரிப்பேன்” என்றாராம் அவ்வா. “அப்ப பாப்பாவை உங்க ரெண்டு காலுக்கு நடுவில உட்கார வைங்க. முறத்தை அவளோட இடது பக்கம் வைங்க. காயை அவளே எடுத்து உங்ககிட்ட கொடுக்கட்டும்” என்றாராம்.

அவ்வாவுக்கு அதில் ஒரு குஷி! “ஏம்மா, இத்தனை வருஷமா நான் இதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன். இனிமே பாப்பாவுக்கும் பங்கு கொடுத்தாப் போச்சு!” என்றார் என்னிடம். முதல் மாதம் காயைத் தொடக்கூட இல்லை. பிறகு தட்டிவிட்டாள். பிறகு பிடித்தாள். (உரித்த விதைகளை மட்டும் எட்டாமல் வையுங்கள், தொண்டையில் சிக்கும்.) 14 மாதத்தில் தானாக உட்கார்ந்தாள். இன்று 3 வயது. காலுக்கு மடக்காத பட்டை போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்து அங்கன்வாடி வாசல் வரை நடக்கிறாள். ஓடவில்லை. இடது கை இன்னும் சோம்பேறிதான். ஆனால் தன் தட்டைத் தானே தூக்கி வருகிறாள். அந்தத் தட்டின் மதிப்பு அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

எங்கே போவது?

முதலில் கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடியிலும் சொல்லுங்கள். தேசிய சிறார் நலத் திட்டம் என்று 2013-ல் தொடங்கிய திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அன்று ‘வேலை இருக்கு’ என்று குழந்தையை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே குழந்தை டாக்டர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர் எல்லோரும் ஒரே இடத்தில் பார்ப்பதுதான் ஏற்பாடு, கட்டணம் கிடையாது.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு, வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அதில் சேர்ந்தது. மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் குழந்தையைப் பற்றியும் வாயைத் திறந்து கேளுங்கள். பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் விசாரியுங்கள்.

பெரிய பரிசோதனை வேண்டும் என்றால் நமக்கு பெங்களூர் பக்கம். நிமான்ஸ் மருத்துவமனையும் அதன் அருகில் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும் இருக்கின்றன. பழைய சீட்டுகளையும் பிரசவ ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். குழந்தை அழுதது எப்போது, காமாலை இருந்ததா, எடை எவ்வளவு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பெருமூளை வாதமும் ஒன்று. கிருஷ்ணகிரியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ‘அட்டை வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தினது போல ஆகிடும்’ என்று சிலர் தயங்குகிறார்கள். முத்திரை அல்ல, அது உரிமைச் சீட்டு.

ஆய்க்குடி சொல்லும் பாடம்

தூரத்தில் இருக்கும் கிராமத்துக் குழந்தைக்கும் இதெல்லாம் நடக்குமா என்றால், நடக்கும் என்று காட்டியிருக்கிறார்கள் தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியில். அந்த ஊர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் இன்ஜினீயரிங் படிக்கும்போது, 1975-ல் கடற்படைத் தேர்வுக்காக பெங்களூர் வந்த இடத்தில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். அவர் துவண்டு உட்காராமல் 1981-ல் ‘அமர் சேவா சங்கம்’ ஆரம்பித்தார். தன்னைக் கவனித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர் அது. 2020-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அந்தச் சங்கம் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் வீட்டுக்கு அனுப்புவது. அவர்கள் தாய்க்கும் பாட்டிக்கும் சொல்லித் தருகிறார்கள். நிபுணர்கள் கைப்பேசி வழியாகக் குழந்தையின் முன்னேற்றத்தைக் கவனித்து யோசனை சொல்கிறார்கள். குழந்தை ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதற்குப் பதில், பயிற்சி குழந்தையின் வீட்டுத் திண்ணைக்கே வருகிறது. நம் அவ்வாவின் முறமும் அதே வழிதான்.

இவற்றைச் செய்யாதீர்கள்

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று, கர்நாடகாவில் கலபுரகி பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஊனம் சரியாகும் என்று குழந்தைகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். பெற்றவர்கள் கொடியவர்கள் அல்ல, வழி தெரியாதவர்கள். மண்ணிலும் சூட்டுக்கோலிலும் நரம்புக்கு வைத்தியம் இல்லை.

படித்தவர்களை ஏமாற்றும் மண் வேறு. ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பான்’ என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். பெருமூளை வாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் வருஷத்து நெறிமுறைகளிலேயே தெளிவு. நிலத்தை அடகு வைக்குமுன் அரசு டாக்டர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

சக்கரம் வைத்த வட்ட வாக்கரும் வேண்டாம். குழந்தை அதில் தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துமே தவிர, நடக்கப் பழகாது. படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடா நாட்டில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். நம் பழைய மர நடைவண்டி அப்படியல்ல. குழந்தை தானாக எழுந்து நின்று, தன் காலில் எடை தாங்கித் தள்ள வேண்டும். நிற்கப் பழகிய பிறகு, தெரபிஸ்டைக் கேட்டு, பக்கத்தில் ஆள் இருந்து கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று

பயிற்சி தொடங்கிய எல்லாக் குழந்தைகளும் நடந்துவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. சில குழந்தைகள் சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போவார்கள். அவர்களுக்குப் பயிற்சி வீணா? வலியில்லாமல் உட்கார, தானே சாப்பிட, வேண்டியதைக் கை காட்டிக் கேட்க முடிந்தால் அது வீணாகாது. மித்து அலூர் என்ற தாய் 1972-ல் பம்பாயில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கியது, தன் மகள் மாலினிக்கு இடம் கொடுக்க வேறு பள்ளி இல்லாததால்தான். அந்த மாலினி பின்னால் லண்டன் வரை போய்ப் படித்து, தன் கதையைத் தானே ஒரே விரலால் தட்டிப் புத்தகமாக எழுதினார்.

அப்புறம், சகோதரிகளே, இது தாய் ஒருத்தியின் பாரமாகிவிடக் கூடாது. ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் அப்பா, தூங்கப் போகுமுன் பத்து நிமிஷம் குழந்தையைத் தன் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுக்கொண்டு பேசட்டும். அது ஒரு பயிற்சி. அண்ணன் அக்கா பந்து உருட்டட்டும். அதுவும் பயிற்சி. நீங்கள் குனிந்து தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள். உங்கள் முதுகு இன்னும் பல வருஷம் உழைக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ 9 மாதம் தாண்டியும் உட்காராத குழந்தை இருந்தால், இந்தப் பக்கத்தை மடித்து அந்தத் தாயின் கையில் கொடுங்கள். கூடவே, “வா, நானும் வரேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பல பெண்கள் அந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

அடுத்த இதழில்: குழந்தைக்கு 6 மாதம் ஆனபின் என்ன ஊட்டலாம்? நம்ம ஊர் ராகியில் நாலு விதம்.